சென்றவர் சொத்தும் நின்றவர் கடமையும்

ஒரு சமூகத்தார் ஊரைவிட்டுச் சென்ற பின், அவர்களுடைய ஆலயங்களையும் கல்லறைகளையும் காப்பது எவர் பொறுப்பு? ஆங்கிலேயர் 1690-ல் பெற்ற செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகளையும், போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் தங்கிய பரங்கிப்பேட்டையையும் தம் எல்லையில் வைத்துக்கொண்டிருக்கும் கடலூர், சிதம்பரம் வாசிகள் இதைச் சிந்தித்தே தீரவேண்டும். அண்டை நாடாகிய கேரளத்தில் யூதர் விஷயமாக நிகழ்ந்திருப்பது நமக்கெல்லாம் தக்க பாடமாகும்.

1948-ல் இஸ்ரேல் ராஜ்யம் ஏற்பட்ட பிறகு, கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கு குடியேறினர். வழிபடுவோரின்றி ஜெபாலயங்கள் பாழடைந்தன. அவற்றுள் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ளவை, முசிறி மரபுத் திட்டத்தின்கீழ்ச் செப்பனிடப்பெற்று, யூதரின் சரித்திரம், சமயம், வாழ்க்கைமுறை ஆகியவற்றை விளக்கும் பொருட்காட்சி சாலைகளாக இன்று விளங்குகின்றன. சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த, எபிரேய எழுத்துள்ள சாராள் என்னும் மாதின் கல்லறைக்கல்லும் காக்கப்படுகிறது.

இதற்கு மாறான கதையும் உண்டு. மட்டாஞ்சேரியிலுள்ள கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகள் ஜெருசலேம் பொருட்காட்சி சாலைக்குப் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டன. அவை அங்கே பத்திரமாயிருக்கின்றன. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால், அவற்றைத் தாங்கிநின்ற கட்டடமோ கவனிப்பாரற்றுக் கிடந்து, 2019-ல் பெய்த மழையில் முகப்பு இடிந்து வீழ்ந்தது.

‘அந்நியர் சின்னத்துக்கு நம் பொதுப்பணத்தைச் செலவிடுவானேன்?’ எனக் கேட்போர் உளர். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்குப் பல்லக்கும் குடையும் உள்ளிட்ட 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தான். அச்செப்பேடு எபிரேயத்திலன்று, நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அரசன் உரிமை கொடுத்து அமர்த்திய மக்களின் சரித்திரம் இந்நாட்டுச் சரித்திரமன்றி வேறென்ன? விருந்தினர் சென்றுவிட்டாரென்பதற்காக வீட்டின் ஓர் அறையை இடியவிடுவார் உண்டோ?

ஆகையால் நம் தேசத் தொண்டர்களுக்கு நாம் வற்புறுத்துவது இதுவே. தத்தம் ஊரிலுள்ள பழைய கோட்டை, பண்டகசாலை, மாதாகோவில், பள்ளிவாசல், கல்லறை ஆகியவற்றை முதலில் கணக்கெடுங்கள். எது எவருடையது, எந்த நிலையிலிருக்கிறது என்று எழுதி வையுங்கள். அவற்றைப் பழுதுபார்க்குமாறு நகரசபைகளையும் சர்க்காரையும் விடாது கேளுங்கள். ஒரு மழைக்காலம் தாமதித்தாலும் ஒரு சுவர் போய்விடக்கூடும். சுவர் வீழ்ந்த பிறகு கூட்டம் கூட்டி அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவதால் யாதொரு பயனுமில்லை.