தண்டவாளம் போன வழி
கடலுக்கு ஒரு சைக்கிள் பாதை – 6

சென்ற வாரம் பார்த்த கேமல் பாதை ஆற்றை ஒட்டியே கடலுக்குப் போனது. கால் வலிக்கும் மேடு எதுவும் அதில் கிடையாது. இந்த வாரப் பாதையின் குறுக்கே ஒரு குன்று நிற்கிறது. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையை நம்பி அழைத்துப்போகக்கூடிய பாதை என்றே இதைச் சொல்வேன்.

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் பகுதியில் இருக்கும் கேன்டர்பரி நகரிலிருந்து விட்ஸ்டபிள் துறைமுகம் வரை சுமார் 12 கிலோமீட்டர். பெயர் 'க்ராப் அண்ட் விங்கிள் வே'. நண்டுக்கும் கடல் நத்தைக்கும் பேர்போன ஊருக்குப் போன ரயிலை மக்கள் அப்படித்தான் செல்லமாக அழைத்தார்கள். ரயில் நின்ற பிறகு அந்தப் பெயர் பாதைக்கு வந்துவிட்டது.

சாதாரண ரயில் அல்ல அது. 1830 மே 3 அன்று ஓடத் தொடங்கியது. உலகமே கொண்டாடும் லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில்பாதை திறந்தது அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான். ரயில் பொறியாளர்களான ஸ்டீபன்சன்களின் பட்டறையில் செய்த 'இன்விக்டா' என்ற நீராவி எஞ்சினுக்கு மேடேறும் வலு இல்லை. விட்ஸ்டபிள் பக்கத்துச் சமதளத்தில் மட்டும் இழுத்தது. மற்ற இடங்களில், மேட்டின் உச்சியில் நிலையாக நிறுத்தப்பட்ட நீராவி எஞ்சின்கள் வடக்கயிற்றால் பெட்டிகளை மேலே இழுத்தன. கோடையில் கடற்கரைக்குப் போகிறவர்களுக்காக 1834-லேயே சீசன் டிக்கெட் கொடுத்தார்கள். உலகின் முதல் சீசன் டிக்கெட் இதுதான் என்கிறார்கள்.

கேன்டர்பரி வெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே கிளம்பலாம். முதலில் வீடுகள் இருக்கும் தெருக்கள், பிறகு கென்ட் பல்கலைக்கழகம் இருக்கும் குன்று. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், அவசரமில்லை. மேலே போனதும் திரும்பிப் பார்த்தால் பேராலயத்தின் கோபுரம் நகரத்துக்கு மேலே எழுந்து நிற்கும். ரயில் இந்தக் குன்றைக் குடைந்து போனது. அந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதி 1974-ல் இடிந்து, மேலே இருந்த பல்கலைக்கழகக் கட்டடத்தையே பதம் பார்த்தது. அதனால் சைக்கிளுக்குக் குன்றின் மேல்தான் வழி.

அதைத் தாண்டினால் வயல்கள், பிறகு க்ளோஸ் காடு. கார் சத்தம் அடங்கிவிடும். காட்டுக்குள் ஒரு குளம் இருக்கிறது. வடம் இழுத்த எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே, அதற்காக உண்டானது. எஞ்சின் போய்விட்டது, குளம் இருக்கிறது. கட்டுச்சோறு பிரிக்க இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. இங்கிருந்து பழைய ரயில் தடத்திலேயே பாதை இறங்குகிறது; மிதிக்காமலே வெகுதூரம் போகலாம். ரயிலுக்காகச் சீராகச் சரித்த மண், பிள்ளைகளின் காலுக்கும் இதமாக இருக்கிறது. ஊருக்குள் நுழைந்தால் சிப்பி விற்கும் துறைமுகம்.

பயணிகள் ரயில் 1931-ல் நின்றது. சரக்கு ரயில் 1952-ல் நின்றது. மறு ஆண்டு கடல் பொங்கிக் கரையோர ரயில்பாதையை உடைத்தபோது, கைவிட்ட இதே தடத்தைத்தான் சில வாரங்களுக்கு மீண்டும் திறந்தார்கள். பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், நிலம் பல கைகளுக்குப் போனது. உள்ளூர்க்காரர்கள் அறக்கட்டளை அமைத்துப் பாடுபட்டு, 1999-ல் இந்தப் பாதையைத் திறந்தார்கள். ஆனால் பழைய தடத்தில் ஒரு பகுதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. மற்ற இடங்களில் பாதை சுற்றிக்கொண்டுதான் போகிறது.

ரயில் நின்ற தடம் எந்த ஊரில் இருந்தாலும் அதைக் கூறுபோட்டு விற்காதீர்கள். அப்படியே முழுசாக வைத்திருங்கள். பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட அதைவிட நல்ல நிலம் கிடைக்காது.

(தொடரும்)