கூவாமலும் விற்கலாம்



கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தை நோக்கிச் செல்லும் அந்தக் குறுகிய தெருவின் இரு பக்கங்களிலும் கடைகள். சால்வைகள், நறுமணப் பொருட்கள், பித்தளைச் சாமான்கள். கடை வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, "வாங்க சார், சும்மா பார்த்துட்டுப் போங்க, பார்க்கக் காசு கிடையாது" என்று அழைப்பார். அந்த அழைப்புக்கு இணங்கி உள்ளே செல்கிறவர்களும் உண்டு; தலையைக் குனிந்துகொண்டு நடையைத் துரிதப்படுத்துகிறவர்களும் உண்டு.

ஆனால் இன்று நாம் சிந்திக்கப்போவது வாங்குகிறவரைக் குறித்தல்ல. அழைக்கவேண்டிய இடத்தில் நின்றும் அழைக்க வாய் வராத விற்பவரைக் குறித்தே.

அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அழகாகத் தைக்கத் தெரிந்த மகள். ஆனால் அயல் வீட்டாரிடம் "நான் தைத்துத் தருகிறேன்" என்று சொல்லமாட்டாள். பழுதான மிக்சியை நொடியில் சரிசெய்யும் மகன்; ஆனால் தொலைபேசி மணி அடித்தால் அவன் முகம் மாறிவிடும். பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நமக்கு, மலையாளமும் பாதி, பழக்கமும் பாதி என்றிருக்கும் இந்த நகரத்தில், இந்தக் கூச்சம் இரட்டிப்பாகிறது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நாம் அவர்களைக் கடிந்துகொள்கிறோம். சில மாதங்களில் தையல் இயந்திரத்தின்மேல் துணி போர்த்தப்படுகிறது. கைத்தொழில் இருந்தும் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுபோகிறது. காரணம், வேலையில் குறை அல்ல, கூவத் தெரியாததே.

இது குற்றமா?

1921-ஆம் ஆண்டிலேயே கார்ல் யுங் என்னும் சுவிஸ் நாட்டு மனநல மருத்துவர், மனிதரில் அகமுகமானவர், புறமுகமானவர் என்னும் இரு இயல்புகளை விளக்கி எழுதினார். அகமுகமானவர் மனிதரை வெறுப்பவர் அல்லர். கூட்டத்தில் அவருடைய பெலன் செலவாகிறது. தனிமையில் அது மறுபடியும் நிரம்புகிறது. அவ்வளவே.

வேறு சிலருக்கோ மூளை செயல்படும் விதமே சற்று வேறுபட்டிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்கு எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படிப்பதும், கண்ணோடு கண் பார்த்துப் பேசுவதும் கடினமாக இருக்கலாம். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு ஒழுங்காகப் பின்தொடர்ந்து விசாரிப்பது கடினம். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுத்தே தடுமாற்றம். இவற்றை நோயாக மட்டும் பாராமல் மனித இனத்தின் பலவகைத் தன்மையாகப் பார்க்கவேண்டும் என்னும் சிந்தனை 1990-களில் எழுந்தது. நம்முடைய தேசத்திலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முன்பிருந்த 7 வகைகளை 21 ஆக்கியபோது, ஆட்டிசத்தையும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. சட்டமே அங்கீகரித்த ஒன்றை, வீட்டார் நாம் மட்டும் சோம்பல் என்றும் அகந்தை என்றும் பெயரிடுவது நியாயமா?

மேலும் ஒன்றை யோசியுங்கள். வற்புறுத்தும் விற்பனையை நீங்களே விரும்புகிறீர்களா? வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவுசெய்யும் ஏற்பாட்டை நம் நாட்டில் செய்யவேண்டி வந்ததே! வாங்குகிறவருக்கும் அமைதி தேவை. அப்படியானால் அமைதியான விற்பவர் அவருக்கு ஆறுதலாகவே இருப்பார்.

வேளியில் ஒரு பாடம்

மட்டாஞ்சேரியிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் கோட்டைக் கொச்சியின் வேளி என்னும் இடத்தை அடையலாம். அங்கே தோபிக்கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டதாகத் தங்கள் முன்னோரைக் குறித்துச் சொல்லும் வண்ணார் சமூகத்தார் அங்கே தொழில் செய்கிறார்கள். தலைமுறைகள் பல கடந்தும் அவர்கள் வீட்டில் தமிழ் ஒலிக்கிறது. 1976-ஆம் ஆண்டில் பெருநகரக் கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்காக இந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தது. ஏறத்தாழ 40 சலவைத் தொட்டிகள், வெட்டவெளியில் காயவைக்கும் திடல், தேய்க்கும் கூடம் என அனைத்தும் ஒரே இடத்தில்.

அங்கே கூவுகிறவர் எவருமில்லை. துணி கல்லில் அடிபடும் சத்தமே கேட்கும். முறுக்கிய கயிற்றின் இழைகளுக்கிடையில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பு இல்லாமலே கடற்காற்றில் வெண்மையான விரிப்புகள் பறக்கின்றன. பருத்தித் துணிக்குக் கஞ்சி போடுகிறார்கள். கனமான கரிப்பெட்டியால் மடிப்புக் கலையாமல் தேய்க்கிறார்கள். சலவை இயந்திரம் வீடுதோறும் வந்த பின்பும், இந்தத் தொழிலை நாடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காட்சியைக் காணவே வெளிநாட்டாரும் வருகிறார்கள்.

அவர்கள் எல்லாரும் பேசாத சுபாவம் உள்ளவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய தொழில் பேச்சின்மேல் நிற்கவில்லை என்றே சொல்லுகிறேன். சொன்ன நாளில், எண்ணிக்கை குறையாமல், சுத்தமாகத் திரும்பி வரும் துணியே அவர்களுடைய விளம்பரம். இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டியவை நான்கு.

முதலாவது: வேலை கண்ணில் படட்டும்

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று சொல்லுகிறோம். ஆனால் பூக்கடைக்காரி தன் கூடையை வீட்டிற்குள் பூட்டி வைப்பதில்லை. ஜனங்கள் கடந்துபோகும் முனையில் வைக்கிறாள். மீதியை வாசனை பார்த்துக்கொள்ளுகிறது. அமைதி வேறு, ஒளிந்துகொள்வது வேறு.

யூதத் தெருவிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. சாரா கோஹன் என்னும் யூதப் பெருமாட்டி (1922–2019) அங்கே கையால் செய்த எம்பிராய்டரி வேலைகளை விற்றுவந்தார். ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணிகள், ஜெபத் தொப்பிகள் முதலியவை அவருடைய கடையின் சரக்கு. தெருவை நோக்கிய ஜன்னலருகே அவர் அமர்ந்திருப்பதைக் கண்டு நின்றவர்கள் எத்தனையோ பேர். உங்கள் மகளால் கூவ முடியாவிட்டால், தையல் இயந்திரத்தை ஜன்னலருகே நகர்த்துங்கள். தைத்து முடித்த ஒரு சட்டையை வாசலில் தொங்கவிடுங்கள். "இங்கே தைத்துத் தரப்படும்" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வையுங்கள். பலகைக்குக் கூச்சம் கிடையாது.

இரண்டாவது: விலையை எழுதிவையுங்கள்

பேரம் பேசுதல் அமைதியான மனிதருக்குப் பெரிய வேதனை. ஒவ்வொரு முறையும் தோற்றுப்போய், கூலிக்கும் குறைவாக ஒத்துக்கொள்வார். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர் என்னும் கிறிஸ்தவர்கள் இதற்கு வழி கண்டார்கள். நம்முடைய ஆராதனைக்கு நேர்மாறாக, அவர்கள் மௌனமாகக் கூடி ஆராதிக்கிறவர்கள். வாங்க நினைக்காத விலையைச் சொல்லுவது பொய் என்று கருதி, ஒரே விலையைச் சொல்லி விற்றார்கள். முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். பின்பு, ஒரு சிறுபிள்ளையை அனுப்பினாலும் இவர்கள் ஏமாற்றமாட்டார்கள் என்று கண்டு, அவர்களிடமே திரும்பி வந்தார்கள். நம் பிள்ளைகள் விரும்பும் காட்பரி சாக்லெட்டின் பெயரும், 1824-இல் பர்மிங்ஹாமில் ஒரு குவேக்கர் தொடங்கிய கடையிலிருந்து வந்ததே. பிளவுஸுக்கு இவ்வளவு, ஓரம் அடிக்க இவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பாதிப் பேச்சு மிச்சமாகும்.

மூன்றாவது: வாய்க்குப் பதில் எழுத்து

2018-இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிவைக்கலாம். வேலை நேரத்தைக் குறிக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதிச் சேமிக்கலாம். கடை மூடியிருக்கும்போது தானாகவே பதில் போகும்படி வைக்கலாம். "தயவுசெய்து செய்தி அனுப்புங்கள், மாலைக்குள் பதில் தருவேன்" என்று எழுதிவைத்தால், தொலைபேசி மணிக்கு நடுங்கவேண்டியதில்லை. எழுத்து தடுமாறுகிறவர் குரற்பதிவு அனுப்பலாம். பிழைதிருத்தும் வேலையை வீட்டார் ஒருவர் ஏற்கலாம். மறதி உள்ளவர், "இன்றைக்குக் கொடுக்கவேண்டியவை" என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் ஓர் எச்சரிப்பு: அறிந்தவர், அறியாதவர் எல்லாருக்கும் தினமும் செய்தி அனுப்பாதிருங்கள். அது கைப்பேசியின் வழியாகக் கூவுவதே. "புதிதாக ஏதேனும் வந்தால் தெரிவிக்கலாமா?" என்று ஒருமுறை கேளுங்கள். சரி என்றவருக்கு மாத்திரம் அனுப்புங்கள்.

நான்காவது: உங்களுக்காகப் பேச வேறொருவர்

சாரா அம்மையாரின் முதுமையில் கடையைக் கவனித்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்னும் இஸ்லாமிய நண்பர். அம்மையாரின் மறைவுக்குப் பின்னும் அவருடைய நினைவைக் காத்துவருகிறார். ஒருவர் ஊசி பிடிக்க, மற்றொருவர் வந்தவரை வரவேற்பது தாழ்வல்ல. வீட்டில் பேசப் பிரியமுள்ள ஒருவர் வாசலில் இருக்கட்டும். கைவேலை அறிந்தவர் உள்ளே இருக்கட்டும். திருப்தியடைந்து போகிறவரிடம் பெயரும் எண்ணும் அச்சிட்ட இரண்டு சீட்டுகளைக் கொடுங்கள்: ஒன்று அவருக்கு, மற்றது அவர் அறிந்தவருக்கு.

இந்த வழி எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மாலைக்குள் விற்றாகவேண்டிய மீனுக்குக் கூவத்தான் வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் தையல், பழுதுபார்த்தல், ஊறுகாய், சலவை போன்ற தொழில்களுக்கே இது தகும். அதிலும் பலன் மெதுவாகவே வரும். முதல் மாதங்களில் வேறு வருமானம் சிறிதேனும் கையில் இருக்கட்டும். ஆயிரம் பேர் அறியவேண்டியதில்லை. மறுபடியும் வரும் முப்பது குடும்பங்கள் போதும், ஓர் இயந்திரம் ஓயாமல் ஓடும்.

நம்முடைய பங்கு

இறுதியாக, வாங்குகிறவர்களாகிய நம்மிடம் ஒரு வார்த்தை. அமைதியான மனிதரால் செய்யவே முடியாத காரியம் ஒன்று உண்டு: கடனைத் திரும்பக் கேட்பது. "நம்ம சபை சகோதரிதானே, அடுத்த வாரம் கொடுப்போம்" என்று நாம் சொல்லிவிட்டுப் போகிறோம். அவர் கேட்கமாட்டார். நாம் மறந்துவிடுவோம். அந்த மாதம் நூலுக்கும் பொத்தானுக்கும் அவர் கையில் பணம் இராது. ஓசையின்றி மூடிய எத்தனையோ கடைகளுக்கு நம்முடைய மறதியும் ஒரு காரணம். ஆகையால் துணியை வாங்கும்போதே எழுதிவைத்த விலையை முழுமையாகக் கொடுங்கள். வேலை பிடித்திருந்தால் நாலு பேரிடம் நீங்களே சொல்லுங்கள். அவரால் கூவ முடியாததை, உங்கள் வாய் சொல்லட்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது மெய்தான். ஆனால் வாய் இல்லாத பிள்ளையும் பிழைக்கவேண்டும். அதற்கு அந்தப் பிள்ளையின் கை இருக்கிறது. அதன் அருகில் நாம் இருக்கிறோம். இன்று மாலை, தையல் இயந்திரத்தின்மேல் போர்த்திய துணியை எடுத்துவிட்டு, அதை ஜன்னலருகே நகர்த்த உங்கள் மகளுக்கு ஒரு கை கொடுங்கள்.