சாக்கடையைப் பற்றி ரெண்டு வருஷப் படிப்பா?



சென்ற மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்தார். அவர் மகள் பி.இ. சிவில் மூன்றாம் வருஷம் முடிக்கப் போகிறாள். "மேல எம்.இ. படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக்கா. சுற்றுச்சூழல் பொறியியலாம். என்னடின்னு கேட்டா கழிவுநீர், குப்பை, புகைங்கறா. சாக்கடையைப் பத்தி ரெண்டு வருஷம் படிக்க என்ன இருக்கு? இதுக்கு நான் குழுவுல ஒரு லட்சம் கடன் கேக்கலாமா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. அதன் பிறகு நாலு இடத்தில் விசாரித்துத் தெரிந்து கொண்டதை இங்கே எழுதுகிறோம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் பி.இ. படிக்கும் பெண் பிள்ளைகள் நம் குழு வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று இல்லாவிட்டாலும் நாளைக்கு இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

வாளித் தண்ணீர் ஏன் நாறுகிறது?

பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மூடி ரெண்டு நாள் வையுங்கள். திறந்தால் மூக்கைப் பொத்திக் கொள்வோம். அதில் இருக்கும் சோற்றுப் பருக்கை, குழம்பு, எண்ணெய் எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்கின்றன. நம்மைப் போலவே அவற்றுக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக் கொள்கின்றன. அது தீர்ந்து போனதும், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அவை செய்யும் வேலை. ஏரியில் மீன் செத்து மிதந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று நாம் சொல்வோம். பல சமயம் அது விஷம் இல்லை. சாக்கடை கலந்து ஆக்சிஜன் தீர்ந்து, மீன் மூச்சு முட்டிச் சாகிறது.

எவ்வளவு கெட்டுப் போன தண்ணீர் என்பதை நாம் மூக்கால் சொல்கிறோம். இந்தப் பிள்ளைகள் அதை எண்ணால் சொல்லக் கற்றுக் கொள்கிறார்கள். 300 மில்லி பிடிக்கும் கண்ணாடி பாட்டிலில், நல்ல தண்ணீர் கலந்து நீர்க்க வைத்த கழிவுநீரை நிரப்பி ஆக்சிஜனை அளப்பார்கள். பிறகு காற்றுப் புகாமல் மூடி, இருட்டில், 27 டிகிரி சூட்டில் 3 நாள் வைத்து மறுபடி அளப்பார்கள். எவ்வளவு குறைந்ததோ அதை வைத்து அந்தத் தண்ணீரின் கெடுதியைக் கணக்கிடுவார்கள். இதற்கு பி.ஓ.டி. என்று பெயர். வீட்டுச் சாக்கடையில் இது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆறு குளத்தில் விட வேண்டுமென்றால் 30-க்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. 300-ஐ எப்படி 30 ஆக்குவது? எவ்வளவு பெரிய தொட்டி, எத்தனை மணி நேரம் காற்று, எவ்வளவு கரண்ட் செலவு? படிப்பின் பெரும்பகுதி இந்தக் கணக்குதான்.

அதைச் செய்யும் முறையைக் கேட்டபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாம் உறை ஊற்றுவதைப் போலத்தான்! தொட்டியில் கழிவுநீரை விட்டுக் காற்றை அடித்துக் கொண்டே இருந்தால் நல்ல நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்று தீர்க்கும். பிறகு அவை அடியில் சேறு போலப் படியும். மேலே தெளிந்த நீர் போய்விடும். அந்தச் சேற்றை முழுவதும் தூக்கிப் போட மாட்டார்கள். ஒரு பங்கை எடுத்து மறுபடி முதல் தொட்டியில் விடுவார்கள். நாளைய பாலுக்கு இன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைப்பது போல. 1914-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்டுபிடித்துச் சொன்ன முறை இது. இன்றைக்கும் பெரிய ஊர்களின் கழிவுநீர் நிலையங்களில் இதுவே அதிகம் நடக்கிறது.

ஆனால் எல்லாக் கழிவுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அங்கே முலாம் பூசும் பட்டறைகள் உண்டு. குரோமியம் கலந்த முலாம் தண்ணீரை நுண்ணுயிர் தின்னாது, செத்துப் போகும். அதற்கு அமிலமும் வேறு ரசாயனமும் சேர்த்து முதலில் குரோமியத்தின் கடுமையைக் குறைத்து, பிறகு சுண்ணாம்பு போட்டு அடியில் படிய வைக்க வேண்டும். கடுமையான அந்தக் குரோமியம் ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெளியே போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. படிந்த சேற்றையும் சும்மா கொட்ட முடியாது, அதற்குத் தனி விதி. ஆக, நோய்க்கேற்ற மருந்து. எம்.இ.யில் ரசாயனமும் நுண்ணுயிரியலும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான். காற்று மாசு, திடக்கழிவு, ஒரு தொழிற்சாலை வருமுன் அதனால் என்ன பாதிப்பு வரும் என்று கணக்கிடும் ஆய்வு ஆகியவையும் உண்டு. கடைசி ஒரு வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து அறிக்கை எழுத வேண்டும்.

நம் பக்கத்து ஏரிகள்

இந்தப் படிப்புக்கு வேலை இல்லாத ஊரா நம்முடையது? செம்பரம்பாக்கத்தில் 2007 முதல் நடக்கும் நிலையத்தில் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது. கோயம்பேட்டில் 2019-ல் வந்த நிலையம் சாக்கடைத் தண்ணீரை மேலும் மேலும் வடிகட்டி, தினம் 4.5 கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் நமக்கு மிச்சம். அதே 2019 கோடையில்தான் ஏரிகள் வறண்டு, குடத்தை வைத்துக் கொண்டு லாரிக்காக ராத்திரியெல்லாம் காத்திருந்தோம். மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி. கழிவுநீர் கலப்பதைத் தடுக்கச் சொல்லி அந்தப் பகுதி மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பூந்தமல்லி ஒன்றியத்தில் குத்தம்பாக்கம் மேய்க்கால் நிலத்தில் குப்பைக் கிடங்கு வரப் போகிறது என்றதும் ஊரே திரண்டு எதிர்த்தது. மழையில் குப்பை ஊறி இறங்கும் சாறு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்ச் சேருமே என்பது அவர்கள் கேள்வி. "நாறும் சார், வேண்டாம்" என்று நாம் மனுக் கொடுப்பது ஒன்று. மண் எந்த வகை, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சாறு எத்தனை நாளில் கிணற்றுக்கு வரும் என்று எண்ணோடு கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது மனுவை ஓரமாகத் தூக்கி வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அதே குத்தம்பாக்கத்தில் 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரான இளங்கோ, கெமிக்கல் என்ஜினீயரிங் படித்தவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நம் வீட்டு செப்டிக் டேங்க் கதையும் இதில்தான் வருகிறது. லாரி வந்து உறிஞ்சிக் கொண்டு போகிறது. எங்கே கொட்டுகிறது என்று நாம் கேட்பதில்லை. உள்ளே மனிதர் இறங்குவதை 2013-ம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் இறங்கி மூச்சடைத்துச் செத்தவர்கள் செய்தி வந்து கொண்டேதான் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-ல் இந்தச் செப்டிக் டேங்க் கழிவுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். இப்படி ஊருக்கு ஊர் கட்டுவதற்கும் ஒழுங்காக ஓட்டுவதற்கும் படித்த ஆள் வேண்டும்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது சரிப்படுமா?" என்று கூட்டத்தில் ஒரு மூத்த சகோதரி கேட்டார். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-ல் முதன்முதலாகச் சேர்ந்த பெண்களில் ஒருவர் லலிதா. 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. எலெக்ட்ரிகல் படித்து முடித்தார். அவரோடு தெரசியா, லீலாம்மா என்ற இருவர் சிவில் படித்தார்கள். தெரசியா பின்னாளில் கேரளத்தில் தலைமைப் பொறியாளர் ஆனார். அந்தக் காலத்துச் சான்றிதழில் 'அவன்' என்றுதான் அச்சடித்திருந்ததாம். அதை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள்!

சேருவது எப்படி, செலவு எவ்வளவு?

பி.இ.யில் சிவில், கெமிக்கல் படித்தவர்கள் சேரலாம். வேறு சில பிரிவுகளையும் எடுத்துக் கொள்கிறார்கள், கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும். வழி இரண்டு. ஒன்று கேட் தேர்வு. இந்தியா முழுமைக்குமானது, வருஷம் ஒரு தடவை, பெரும்பாலும் பிப்ரவரியில். சுற்றுச்சூழலுக்கென்று தனித் தாள் 2021-ல் வந்தது. சிவில் தாளிலும் இந்தப் பாடம் உண்டு. பி.இ. மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். பெண்களுக்குப் பாதிக் கட்டணம். ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு இதுதான் வாசல். மற்றது அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா பி.ஜி. தேர்வு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் கவுன்சிலிங்குக்கு இது போதும்.

ஆனாலும் கேட் எழுதச் சொல்லுங்கள் என்பது எங்கள் கருத்து. காரணம் பணம். கேட் தேறி, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரம் படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதம் கிடைக்கும். கணக்குப் போட்டால் 2,97,600 ரூபாய். பிள்ளை பேரில் தனிக் கணக்கு, ஆதார் இணைத்தது வேண்டும். மாதம் பிறந்ததும் டாண் என்று வரும் என்று நம்பி சீட்டு மட்டும் கட்டி விடாதீர்கள், தள்ளிப் போவதும் உண்டு.

2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் எம்.இ.க்கு வராது. அது முதல் பட்டம் முடியும் வரைதான். பலர் இதில் ஏமாந்து போகிறார்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் வாசல் வளைவைப் பார்க்காதீர்கள். ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன 300 மில்லி பாட்டில்கள் ஈரமாக இருக்கின்றனவா, தூசி படிந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவே பாதி சொல்லிவிடும். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1992-ம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது குற்றம். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

இப்போது அந்த ஒரு லட்சம். நம் குழுவில் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி. லட்சத்துக்கு முதல் மாதமே 2,000 ரூபாய் வட்டி, அசல் தனி. பிள்ளை சம்பாதிக்க இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை தவணை அம்மா தலையில். ரெண்டு தவணை தவறினால் குழுவின் பெயரும் கெடும். அதனால் வேண்டாம் என்று அவரிடம் சொன்னோம். தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம் மாதிரிச் சின்னச் செலவுக்குக் குழுக் கடன் போதும். பெரிய தொகைக்கு பேங்க் கல்விக் கடன்தான் சரி. 4 லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியமும் இருக்கிறது. அது பி.இ.க்கோ எம்.இ.க்கோ ஒரு தடவைதான். பி.இ.க்கு ஏற்கெனவே வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்காது. பழைய கல்விக் கடன் பாக்கி இருந்தாலும் அதன் மேல் கூடுதல் கடன் கேட்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

வேலை பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வாரியம் போன்ற அரசு வேலைக்கு வருஷா வருஷம் அறிவிப்பு வராது, போட்டி அதிகம். தனியாரில் தொழிற்சாலைகள், ஆலோசனைக் கம்பெனிகள், சோதனைக் கூடங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்ற 2006 அறிவிக்கைக்குப் பிறகு, நம் பக்கத்து அடுக்குமாடிகளாலும் வேலை கூடியிருக்கிறது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிலையங்களில் ராத்திரி ஷிப்டு உண்டு. போக்குவரத்து வசதி தருகிறார்களா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ள வேண்டும்.

அந்த ஊக்குநரின் மகள் அடுத்த கேட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்து விட்டாள். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ இணையத்தில் திறக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே மனுச் செய்து விடுங்கள். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.