சைக்கிளில் போனால் சாமியார் குகை! பிலடெல்பியா ஓடைக்கரை அதிசயங்கள் தெரியுமா?

சுமார் 16 லட்சம் பேர் வாழும் பெருநகரம். அதற்குள்ளேயே, சுமார் 200 அடி ஆழப் பள்ளத்தாக்கில் ஓடும் ஓர் ஓடை! அதன் இரு பக்கச் சரிவிலும் வேரும் பாறையும் மண்ணுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதைகளில் மவுண்டன் பைக்கில் பறக்கிறார்கள் ஊர்க்காரர்கள்! அமெரிக்காவின் பிலடெல்பியாவில்தான் இந்தக் கூத்து. ஓடையின் பெயர் விஸஹிக்கன். சைக்கிள் ஓட்டுவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சக்கரத்துக்குக் கீழேயும் பக்கத்திலேயும் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள்!

இந்தப் பள்ளத்தாக்குப் பூங்காவின் பரப்பு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1,800 ஏக்கர்! நியூயார்க்கின் உலகப் புகழ் சென்ட்ரல் பார்க்கே 843 ஏக்கர்தான். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! உள்ளே இருக்கும் பாதைகளைக் கோத்தால் சுமார் 80 கிலோமீட்டர் வரும்! நகரத்துக்குள்ளேயே!

இங்கே மண்ணே மினுங்கும், தெரியுமா? டயரில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்த்துப் பாருங்கள், விரலெல்லாம் பளபளப்பு! காக்காப்பொன் கலந்த ஷிஸ்ட் என்ற பாறை பொடிந்த மண் அது. கூர்ந்து பார்த்தால் பாறையில் கருஞ்சிவப்புப் பொட்டுகளும் தெரியும். அவை கார்னெட் கற்கள்! நாற்பது, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பாறை கடலடிச் சேறாக இருந்தது என்றால் நம்புவீர்களா? மண்ணுக்கடியில் புதைந்து, வெந்து, நசுங்கி, மேலே வந்து, இப்போது சைக்கிளுக்கடியில் கிடக்கிறது!

ஓடையை ஒட்டியே 8 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அகலமான சரளைச் சாலைக்கு என்ன பெயர் தெரியுமா? ஃபர்பிடன் டிரைவ்! அதாவது தடை போட்ட சாலை! தடை யாருக்கு? கார்களுக்கு! 1920-களில் கார்கள் உள்ளே வர முயன்றபோது ஊர்க்காரர்கள் குதிரைகளில் ஏறிக்கொண்டு ஊர்வலம் போய் எதிர்ப்புக் காட்டினார்கள். கார் தோற்றது, குதிரை வென்றது! நூறு வருஷமாகியும் அந்தச் சாலையில் கார் இல்லை!

அதனால்தானோ என்னவோ, இங்கே யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதிலும் குதிரைக்கே முதல் மரியாதை! நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். சைக்கிள்காரரோ நடப்பவருக்கும் விட வேண்டும், குதிரைக்கும் விட வேண்டும்! எல்லாப் பாதையும் சைக்கிளுக்குத் திறந்ததும் அல்ல. சரிவுகளில் குறியிட்ட சில பாதைகளில்தான் அனுமதி.

இவ்வளவு பழைய பள்ளத்தாக்கில் ஓடும் இந்த விளையாட்டுக்கு வயது எவ்வளவு தெரியுமா? ஐம்பது வருஷம் போலத்தான்! அமெரிக்காவின் மறுகோடியில், கலிபோர்னியாவின் தமல்பாயிஸ் மலைப் பக்கம், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ஓட்டை உடைசல் சைக்கிள்களோடு மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் 1,300 அடி இறக்கம்! பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பழைய பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் அதிலிருந்த கிரீஸ் கொதித்துப் புகையாகப் போய்விடும்! ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. அங்கிருந்து சரியாக இருபதே வருஷம்! 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பதக்க விளையாட்டு!

பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ளும் டயர் பார்த்திருக்கிறீர்களா? இன்றைய மவுண்டன் பைக் பலவற்றில் டியூபே கிடையாது! டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவம் கொஞ்சம் குலுங்கிக்கொண்டிருக்கும். முள் குத்தினால் காற்றோடு அந்தத் திரவமும் ஓட்டைக்கு ஓடிவந்து அங்கேயே உறைந்து அடைத்துவிடும்! ஓட்டுகிறவருக்குப் பல நேரம் முள் குத்தியதே தெரியாது!

சரி, சாமியாருக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த ஓடைக்கரையின் பெரிய அதிசயம் இவர்தான்! பெயர் யோகான்னஸ் கெல்பியஸ். பிறந்த ஊர்ப்பக்கம் எது தெரியுமா? டிராகுலா கதையின் டிரான்சில்வேனியா! உலகம் முடியப் போகிறது என்று கணக்குப் போட்டு, 1694-இல் சுமார் 40 பேரோடு கப்பலேறி அட்லாண்டிக் கடலைத் தாண்டி இந்தக் காட்டுக்கு வந்தார்! எதற்கு? உலகத்தின் முடிவை அமைதியாக உட்கார்ந்து வரவேற்க! மேட்டில் மரக்கட்டிடம் கட்டி, கூரைமேல் தொலைநோக்கி வைத்து, வானத்தில் அடையாளம் தெரிகிறதா என்று இரவெல்லாம் பார்த்தார்கள். வருஷங்கள் போயின. உலகம் முடியவில்லை! 1708-இல் கெல்பியஸ்தான் முடிந்துபோனார்.

சாகும்போது ஒரு பெட்டியைச் சீடரிடம் கொடுத்து ஆற்றில் எறியச் சொன்னாராம். சீடர் ஆசையில் அதை ஒளித்துவைத்துவிட்டு வந்தாராம். “எறியவில்லையே!” என்று குரு படுக்கையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாராம். பதறி ஓடிப் போய் எறிந்தால், தண்ணீரில் இடியும் மின்னலும் கிளம்பியதாம்! பெட்டிக்குள் இருந்தது இரும்பைப் பொன்னாக்கும் ரசவாதக் கல் என்பது ஊர்க்கதை. அவர் தவமிருந்ததாகச் சொல்லப்படும் கல்குகையை, பாதையிலிருந்து கொஞ்சம் ஒதுங்கிப் போனால் இன்றும் பார்க்கலாம். அது வெறும் ஊற்றறைதான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டுமே, ஊற்றறைக்கு யார் சைக்கிளை நிறுத்துவார்கள்?

பிரிட்டிஷ் வட அமெரிக்காவின் முதல் காகித ஆலை எங்கே இருந்தது தெரியுமா? இதே ஓடையின் கிளை ஒன்றின் கரையில்! 1690-இல் வில்லியம் ரிட்டன்ஹவுஸ் தொடங்கியது. மரக்கூழ் இல்லை, மூங்கில் இல்லை. கிழிந்த துணியை ஊறவைத்து இடித்துக் காகிதம் செய்தார்கள்!

அதே குடும்பத்தில் அதே இடத்தில் 1732-இல் பிறந்த டேவிட் ரிட்டன்ஹவுஸ், வானியல் அறிஞரானார். 1769-இல் சூரியனை வெள்ளிக் கோள் கடக்கும் அபூர்வக் காட்சியைத் தொலைநோக்கியில் பார்த்தவர் என்ன செய்தார் தெரியுமா? ஆனந்தத்தில் மயங்கி விழுந்துவிட்டார்! பின்னாளில் அமெரிக்க நாணயச் சாலையின் முதல் இயக்குநரும் இவர்தான். நல்லவேளை, தங்கத்தைப் பார்த்து மயங்கியதாகத் தகவல் இல்லை!

திகில் கதை மன்னன் எட்கர் ஆலன் போ இந்தக் கரையைப் பற்றி எழுதியிருக்கிறார், தெரியுமா? 1844-இல் வெளியான கட்டுரை அது. பாறைமேல் கம்பீரமாக நிற்கும் எல்க் மான் ஒன்றைக் காண்கிறார். ஆகா, ஆதிகாலக் காட்டு விலங்கு என்று மெய்சிலிர்க்கிறார். கடைசியில் பார்த்தால், பக்கத்து மாளிகையில் வளர்க்கும் வீட்டு மான்!

ஒரே தெருப் பெயரில் இரண்டு சாதனைப் பாலங்கள் எங்காவது உண்டா? இங்கே உண்டு! 1908-இல் முடிந்த வால்நட் லேன் பாலத்தின் நடு வளைவு 233 அடி. அன்றைக்கு உலகின் மிகப்பெரிய கான்கிரீட் வளைவு! அதன் பெயர்கொண்ட இன்னொரு பாலம் 1950-ஐ ஒட்டி எழுந்தது. முன்தகைப்புக் கான்கிரீட் உத்தரம் வைத்துக் கட்டிய அமெரிக்காவின் முதல் பெரிய பாலம்! கட்டுவதற்கு முன்னால், 1949-இல் ஓர் உத்தரத்தைச் செய்து, எல்லாரும் பார்க்க, உடையும் வரை பாரம் ஏற்றிச் சோதித்தார்கள்!

விரலுக்குள் நடந்திருக்கிறீர்களா? ஜோடி பின்டோ என்ற கலைஞர் 1987-இல் அமைத்த ‘ஃபிங்கர்ஸ்பேன்’ ஒரு நடைபாலம். வடிவம், மடங்கிய மனித விரல்! நீளம் 59 அடி! துருப்பிடித்தாற்போன்ற எஃகுக் கூடு. கரடுமுரடான அந்தப் பகுதி நடப்பவர்களுக்கானது, சைக்கிளோடு போக ஆசைப்பட வேண்டாம்!

பக்கத்து மேட்டில் ராக்ஸ்பரோ பகுதியில், வசந்த கால மழை இரவுகளில் தெருவையே மூடிவிடுவார்கள், தெரியுமா? யார் வருகிறார்கள் என்று? தேரைகள்! முட்டையிடத் தண்ணீருக்குப் போகும் தேரைகள் கார் சக்கரத்தில் நசுங்கக் கூடாதென்று, 2009 முதல் தன்னார்வலர்கள் டார்ச் விளக்கோடு காவல் நிற்கிறார்கள்!

இத்தனையும் எப்படித் தப்பிப் பிழைத்தது தெரியுமா? குடிதண்ணீரால்! ஒரு காலத்தில் இந்த ஓடையில் டஜன் கணக்கில் ஆலைகள் ஓடின. கழிவெல்லாம் தண்ணீரில். 1868 முதல் நகர நிர்வாகம் கரையை வாங்கத் தொடங்கியது, ஆலைகளை அகற்றியது. விளையாட்டுக்காக இல்லை, குழாயில் நல்ல தண்ணீர் வருவதற்காக! இந்த ஓடை கலக்கும் ஸ்கூல்கில் ஆற்றுத் தண்ணீரைத்தான் நகரத்தின் ஒரு பகுதி இன்றும் குடிக்கிறது!

நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒன்றுமில்லை! போகிறவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள். மழை பெய்து மண் காயாத நாளில் சைக்கிளை இறக்காதீர்கள். சேற்றில் பதிந்த டயர் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். அந்த மண்ணெல்லாம் கரைந்து போய்ச் சேருவது குடிதண்ணீருக்குத்தான்!