இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்!

எங்கள் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த தம்பி, லஞ்ச் டப்பாவைத் திறந்தபடியே கேட்டான்: “சார், இப்ப ஃபிளாட் வாங்கலாமா? இல்ல, விலை இறங்குமா?”

அவன் கேட்டது உலகமகா பேக்குக்கிட்டே என்று பாவம், அவனுக்குத் தெரியாது!

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. அப்போது மேடவாக்கத்தில் எனக்கு ஒரு ஃபிளாட் 26 லட்சத்துக்குப் படிந்து வந்தது. “அமெரிக்காவே ஆடுது. மேடவாக்கம் ஆடாதா?” என்றான் மச்சான். ஆடத்தான் செய்தது. மறு வருஷம் 24-க்கு வந்தார்கள். நானா அசருவேன்? “22 வரட்டும்!”

வரவில்லை. 2011-ல் அதே தெருவில், அதே அளவு வீட்டை 38 லட்சத்துக்கு வாங்கினேன். வட்டியாவது குறைவா? 2010 மார்ச்சிலிருந்து 2011 அக்டோபருக்குள் ரிசர்வ் வங்கி 13 தடவை வட்டியை ஏற்றியது. நான் கடன் வாங்கப் போன நேரம் அதுதான்!

அப்புறம் 2015 டிசம்பர் வெள்ளம். எங்களுடையது முதல் மாடி, தப்பித்தது. கீழே நின்ற பைக் முழுகிப் போச்சு. தண்ணீர் வடிந்த கையோடு ஒரு புரோக்கர் வந்தார். “34-க்கு பார்ட்டி இருக்கு சார். இனிமே இந்த ஏரியாவை நாய்கூட சீண்டாது!”

பயத்தில் தலையாட்டிவிட்டேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல்: “ஏங்க, வித்துட்டு எங்க போறது?”

அந்த ஒரு கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை, புரோக்கரிடமும் இல்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

2021-ல் அம்மாவுக்கு மூட்டுவலி முற்றியது. மாடி ஏற முடியவில்லை. கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். லிஃப்ட் உள்ள வீடு தேடினோம். கொரோனாவால் மார்க்கெட் படுத்திருந்தது. முன்பு 50 வரை கேட்ட எங்கள் வீட்டை இப்போது 46-க்குத்தான் கேட்டார்கள். “இப்பப் போய் விக்கிறியே, 4 லட்சம் நஷ்டம்!” என்று தலையில் அடித்துக்கொண்டான் மச்சான்.

முதல் தடவையாக நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். நாங்கள் பார்த்து வைத்திருந்த லிஃப்ட் வீடு 80-லிருந்து 72-க்கு இறங்கியிருந்தது. விற்பதில் 4 போகிறது, வாங்குவதில் 8 மிச்சம். முன்பு கைப்பணம் 30 வேண்டும், இப்போது 26 போதும். வீட்டுக் கடன் வட்டியும் 7 சதவிகிதத்துக்கு வந்திருந்தது.

சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிறவனுக்கு மார்க்கெட் படுத்தால்தான் லாபம் என்று அன்றுதான் மண்டையில் ஏறியது. நம்ம வீட்டு விலை ஏறும்போது அடுத்தவன் வீடு மட்டும் சும்மா இருக்குமா?

ஒன்றை மறந்திருந்தேன். அப்போது பத்திரச் செலவு 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவிகிதம். ஏறக்குறைய 8 லட்சம்! 2023-ல் பதிவுக் கட்டணத்தை 2 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அதற்காக அம்மாவை இரண்டு வருஷம் மாடியிலேயே உட்கார வைக்க முடியுமா?

தம்பியிடம் சொன்னேன்: “விலையை விடுப்பா. மூணு கேள்வி கேட்டுக்கோ. அந்த வீட்ல ஏழெட்டு வருஷம் இருப்பியா? இல்லேன்னா வாடகையே மேல். இந்தச் செலவெல்லாம் திரும்பி வராது. தவணை கட்டினது போக, ஆறு மாசம் வேலை இல்லேன்னாலும் சாப்பிட பேங்க்ல காசு இருக்குமா? வில்லங்கம் பார்த்தியா, டிசம்பர் மழையில அந்தத் தெருவைப் பார்த்தியா? மூணுக்கும் ‘ஆமா’ன்னா, அதான் நல்ல நேரம்.”

“உங்க மச்சான் எங்க வீடு வாங்கினார் சார்?”

“எங்க வாங்கினான்? 2008-லேர்ந்து வாடகை வீட்லதான் இருக்கான். இன்னும் கொஞ்சம் இறங்கணுமாம்!”