ஸ்கூட்டரின் முன் பிறேக் பஞ்சுபோல் அமிழ்கிறதா?

எமது முன்பள்ளி வேலைகளுக்கென ஒரு ஸ்கூட்டர் வைத்திருக்கின்றோம். 2019 இல் வாங்கியது. 2024 இல் ஒரு நாள் எமது ஆசிரியை ஒருவர் எட்டு வயது மகனைப் பின்னால் இருத்திக்கொண்டு எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு அதில் இறங்கினார். இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குக் கிட்டிய வளைவு ஒன்றில் முன் பிறேக் லீவரைப் பிடித்தபோது அது பஞ்சை அமத்துவதுபோல் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொண்டது. வேகம் குறையவில்லை. பின் பிறேக்கை இறுக்கி, மலைப்பக்கத்து வாய்க்கால் ஓரமாகச் சரித்து ஒருவாறு நிறுத்தினார். பிள்ளைக்கு முழங்காலில் உரசல் மட்டுந்தான். மற்றப் பக்கம் பள்ளம்.

அரைமணி நேரத்தின் பின் லீவர் ஓரளவு இறுகிவிட்டது. கராஜுக்கு உருட்டிச் சென்றபோது அங்கிருந்த மெக்கானிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “இந்தப் பிறேக் ஒயில் போட்டு எத்தன வருசம், தங்கச்சி?” ஆசிரியையிடம் பதில் இல்லை. எங்களிடமும் இருக்கவில்லை. ஐந்து வருடமாக எஞ்சின் ஒயிலை ஒழுங்காக மாற்றிய நாம், பிறேக் ஒயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனவே எமது ஊர்களில் ஓடும் ஸ்கூட்டர்களில் அநேகமானவை பழையவை. எமக்கு நேர்ந்தது வேறொருவருக்கு நேராதிருக்கவே இதை எழுதுகின்றோம்.

பிறேக் எப்படி வேலை செய்கிறது?

முன் சில்லில் வட்டமான இரும்புத் தட்டு இருந்தால் அது டிஸ்க் பிறேக். லீவரைப் பிடிக்கும்போது ஹாண்டிலில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் சிறிய பிஸ்டன் ஒயிலைத் தள்ளுகிறது. ஒயில் றப்பர் ஹோஸ் வழியே கீழிறங்கி, கலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ள, பிறேக் பாட்கள் தட்டை இறுகப் பிடிக்கின்றன.

ஒரு சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அமத்திப் பாருங்கள். அசையாது. பாதிக்குக் காற்றை விட்டு அமத்துங்கள். உள்ளே போகும், விட்டதும் திரும்பி வரும். பஞ்சுபோன்ற பிறேக்கில் நடப்பதும் இதுவே. உங்கள் கையின் பலம் பாட்களுக்குப் போகாமல், காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிறது.

காற்று பல வழிகளில் வரலாம். ஒயில் மிகவும் குறைந்தால் லீவரின் ஒவ்வொரு அசைவிலும் காற்று உள்ளே இழுபடும். திருத்த வேலைக்காக ஹோஸைக் கழற்றினாலும் காற்றுப் புகும். இன்னொரு காரணம் ஒயிலின் முதுமை. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் தன்மை உடையது. புதிய டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதே ஒயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 155 பாகை மட்டுமே. நீண்ட இறக்கத்தில் கலிப்பர் சூடேற, பழைய ஒயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. ஆறியதும் அவை மறைந்துவிடும். எமது ஆசிரியைக்கு நேர்ந்தது இதுதான். கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடிப்பில் இறங்கலாம். ஸ்கூட்டரில் அப்படிக் கியரைக் குறைக்க வழியில்லாதபடியால் பாரத்தின் பெரும்பகுதி பிறேக்கிலேயே விழுகிறது.

முதலில் குறையைக் கண்டுபிடியுங்கள்

லீவரை நாலைந்து தரம் விரைவாக அமத்தும்போது இறுகி, சற்று நேரத்தில் மீண்டும் தளர்ந்தால், பெரும்பாலும் உள்ளே காற்று.

இறுக்கிப் பிடித்திருக்கும்போதே லீவர் மெல்ல மெல்ல அமிழ்ந்தால், எங்கோ ஒழுக்கு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் தேய்ந்துவிட்டது. காற்று எடுப்பதால் இது சீராகாது. ஓடாமல் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

ஹோஸ் வெடித்திருந்தால் அல்லது அமத்தும்போது புடைத்தால் மாற்றவேண்டும்.

பாட்களையும் பாருங்கள். அவை தேயத்தேய ஒயில் மட்டம் தானாகவே இறங்கும். தேய்ந்த பாட்களை மாற்றாமல் ஒயிலை மட்டும் ஊற்றுவதில் பயனில்லை.

முன் சில்லுக்கு ஹோஸ் இல்லாமல் கேபிள் போகிறதானால் அது ட்றம் பிறேக். அதில் ஒயில் இல்லை. கேபிளையும் பிறேக் கட்டைகளையுமே கவனிக்கவேண்டும்.

தேவையான பொருட்கள்

புதிதாக உடைத்த பிறேக் ஒயில், நிப்பிளுக்குப் பொருந்தும் வளையச் சாவி (பலவற்றில் 8 மில்லிமீற்றர்), நிப்பிளில் இறுக்கமாக ஏறும் ஒரு முழ நீளமான கண்ணாடி ரியூப், சிறிய போத்தல், பழைய துணி, ஒரு வாளி தண்ணீர். எந்த ஒயில் என்பது தாங்கியின் மூடியிலேயே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் டொட் 3 அல்லது டொட் 4. டொட் 5 சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கக்கூடாது. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலையோ தேங்காய் எண்ணெயையோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளிருக்கும் றப்பர்கள் பழுதாகி, பிறேக் முற்றாகவே செயலிழக்கும்.

காற்று எடுக்கும் முறை

1. ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒயில் தாங்கி மட்டமாக நிற்கும்படி ஹாண்டிலைத் திருப்புங்கள். பெயின்ற் உள்ள இடங்களை ஈரத் துணியால் மூடுங்கள். பிறேக் ஒயில் பெயின்றைத் தின்றுவிடும்.

2. மூடியின் புழுதியைத் துடைத்தபின் ஸ்குறூக்களைக் கழற்றி, மூடியையும் கீழுள்ள றப்பரையும் எடுங்கள். புதிய ஒயில் தெளிவாகவும் வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தால் முழுவதையும் மாற்றுவதே நல்லது. மேற்கோடுவரை நிரப்புங்கள்.

3. கலிப்பரின் நிப்பிளில் முதலில் சாவியையும் பின்பு ரியூப்பையும் மாட்டுங்கள். ரியூப்பின் மறுநுனி போத்தலில் ஊற்றிய சிறிதளவு ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்கட்டும்.

4. ஒருவர் லீவரை மூன்று நான்கு தரம் மெதுவாக அமத்தி, இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க, ஒயிலும் குமிழிகளும் வெளிவரும்; லீவர் கைப்பிடியைத் தொடும். நிப்பிளைப் பூட்டிய பின்னரே லீவரை விடவேண்டும். முந்தி விட்டால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

5. குமிழி வராமல் நல்ல ஒயில் மட்டும் வரும்வரை இதையே செய்யுங்கள். இடையிடையே தாங்கியைப் பார்த்து நிரப்புங்கள். மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் செய்த வேலை முழுவதும் வீண்.

6. நிப்பிளை அளவாக இறுக்குங்கள். அது சிறியது, பலத்தைக் காட்டினால் முறியும். ஒயிலை மேற்கோடுவரை விட்டு, றப்பரையும் மூடியையும் பூட்டி, சிந்திய இடங்களைத் தண்ணீரால் கழுவுங்கள்.

இவ்வளவு செய்தும் சிறிது பஞ்சுத்தன்மை இருந்தால், லீவரை இழுத்து ஒரு கயிற்றால் கைப்பிடியோடு கட்டி இரவு முழுவதும் விடுங்கள். மேற்பகுதியில் ஒளிந்திருக்கும் நுண்ணிய குமிழிகள் மெல்ல ஏறி, காலையில் கயிற்றை அவிழ்த்ததும் தாங்கிக்கு வந்துவிடும்.

முற்றத்திலே சோதியுங்கள்

வீதிக்கு இறங்குமுன் லீவரை முழுப் பலத்தோடு அரை நிமிடம் பிடித்து, எங்காவது கசிகிறதா எனப் பாருங்கள். பின்பு முற்றத்தில் நடைவேகத்தில் ஓட்டிப் பல தரம் நிறுத்திப் பாருங்கள். திருப்தி இல்லையேல் ஓடவேண்டாம். ஏபிஎஸ் உள்ளவற்றையும், ஒரே லீவரில் இரண்டு சில்லும் பிடிபடுபவற்றையும் பழக்கமுள்ள மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

எடுத்த ஒயிலை மீண்டும் பாவிக்காதீர்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவும் வேண்டாம். அது நஞ்சு. போத்தலில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைத்து, கராஜில் கழிவு ஒயில் சேர்க்கும் இடத்தில் கேட்டுக் கொடுங்கள்.

பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றவேண்டும் என்பது பொது விதி. இப்போது எமது ஸ்கூட்டரின் சீற்றுக்குக் கீழே ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கின்றோம். ஒயில் மாற்றிய திகதியும் அடுத்து மாற்றவேண்டிய திகதியும் அதில் உண்டு. ஆசிரியையின் மகன்தான் அதைத் தன் கையால் எழுதினான். இன்று மாலை உங்கள் ஸ்கூட்டரின் லீவரையும் ஒரு தரம் அமத்திப் பாருங்கள்.