வங்கியாளரும் வீட்டுக் காணியும்

கம்பனி ஒன்றை நடத்தக் கடன் வேண்டி வங்கிக்குச் செல்லும் நம்மவருட் பலர் முதலிற் கையிலெடுப்பது காணி உறுதியைத்தான். முகாமையாளர் முதலிற் பார்க்க விரும்புவதோ கணக்குப் புத்தகத்தை.

ஒரு காலத்தில் இப்பேச்சுக்கே இடமிருக்கவில்லை. கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள் தோட்டங்களையும் ஏற்றுமதி வணிகத்தையுமே பெரிதும் ஆதரித்தன. உள்ளூர் வியாபாரிக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியாரே வங்கி. அவர் அவ்வங்கிகளிற் பெற்ற பணத்தையுங் கூட்டி, அதிக வட்டிக்குக் கொடுத்தார். 1925 இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும் வங்கிகள் கையை இறுக்கிக்கொண்டன. 1934 இல் வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961 இல் மக்கள் வங்கியும் வந்து சேர்ந்தது.

எண்ணெய் ஆலை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எள்ளு மலியும் அறுவடைக் காலத்தில் அவர் மொத்தமாக வாங்கிக் களஞ்சியத்தில் வைத்தல் வேண்டும். எண்ணெயோ மாதக் கணக்கில் விற்கும். இவ்விடைவெளியை நிரப்பவே மேலதிகப்பற்று உள்ளது. புதிய செக்கு இயந்திரம் வாங்குவதாயின் தவணைக் கடனே தக்கது. மேலதிகப்பற்றில் இயந்திரத்தை வாங்கிவிட்டு, மறு அறுவடைக்கு எள்ளு வாங்கப் பணமின்றித் தவிப்போர் உளர். ஆலையில் நட்டமில்லை, பணந்தான் இரும்பாகி நிற்கிறது! கணக்கை மாதந்தோறும் பார்த்துவரும் உள்ளூர் முகாமையாளர் இதனை முன்கூட்டியே சொல்லக்கூடியவர். ஆதலாற் பணமுடை வருமுன்னரே அவரை அறிந்திருத்தல் நன்று. விற்பனைப் பணம் முழுவதையும் வங்கிக் கணக்கினூடாகவே செலுத்தி வருவதைவிடச் சிறந்த அறிமுகக் கடிதம் வேறில்லை.

எனினும் ஈடும் பிணையும் கேட்கப்படும். வரையறுத்த பொறுப்புள்ள கம்பனியில் பங்குதாரர் இட்ட முதலுக்கு மேல் இழக்கவேண்டியதில்லை என்பது சட்டம். ஆனாற் சிறு கம்பனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, இயக்குநரிடம் தனிப்பட்ட பிணைக் கையெழுத்தையும் வாங்குவதுண்டு. கையெழுத்திட்டதும் அந்த வரையறை அக்கடனளவில் அவருக்குப் பயன்படாது.

யாழ்ப்பாணத்தில் வீடுங் காணியும் பெரும்பாலும் மனைவியின் சீதனம். அவர் ஒப்பமிடாமல் அதனை ஈடுவைத்தல் இயலாது. குறித்த தொகைக்கு மேற்பட்ட கடன் தவறினால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கின்றியே ஈட்டுக் காணியை வங்கி ஏலமிடலாம். ஆகவே இல்லத்தரசியும் முகாமையாளரின் மேசைக்குச் செல்லட்டும். ஈடு எவ்வளவு தொகைக்கு, கடன் தீர்ந்தால் உறுதி எப்போது திரும்பும் என்று கேட்கட்டும். கணவர் பின்னர் எடுக்கும் கடனுக்கும் இதே காணி பொறுப்பாகுமா என்பதையும் கேட்டு, ஈட்டுறுதியில் அவ்வாசகத்தை வாசித்துக் காட்டச் சொல்லட்டும். பேனாவை அதன் பின்னர் எடுக்கலாம்.